யாழ்ப்பாணக் கடலில் ஃப்ளை தூண்டில் சரிவருமா?

2025 மார்ச் 27, வியாழன்: வந்த கேள்வி

"ஃப்ளை தூண்டில் குளிர்நாட்டு ஆற்று மீனுக்கானது. இங்கே காற்று, உப்பு, சாதாளை (கடலடியில் வளரும் பூண்டு), கொதிக்கிற வெயில். எங்கள் ஆட்கள் பரம்பரையாகக் கைத்தூண்டிலில் பிடிக்கிறார்கள், அது போதாதா? யாழ்ப்பாணத்தில் யாராவது உண்மையாகவே இதில் மீன் பிடித்திருக்கிறீர்களா, அல்லது சும்மா படம் எடுக்கத்தானா?"

மார்ச் 28, வெள்ளி, இரவு 9.40

ஃப்ளை தூண்டில் என்றால், கொக்கியில் மயிரோ இறகோ கட்டிய போலி இரையை (அதுதான் ஃப்ளை), 'லைன்' என்ற பாரமான நூலைத் தடியால் வீசித் தூரத்துக்குக் கொண்டுபோவது. இங்கே சரிவரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் இதுவரை கரையில் நின்றுதான் போட்டிருக்கிறேன். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் ஆறேழு தடவை போட்டதில் அகப்பட்டது ஒரேயொரு முரல், அதுவும் கொக்கியில் கொளுவவில்லை, நூலுக்குள் பல்லுச் சிக்கி வந்தது. ஆகவே இன்றைக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை.

நாளைக் காலை முதல் தடவையாகப் படகில் போகிறேன். ஊர்காவற்றுறையில் நண்பன் ஒருவன் இருக்கிறான், ஓ.எல். வரை ஒன்றாகப் படித்தோம். சொந்தமாகப் பதினெட்டு அடி பைபர் படகும் பதினைந்து குதிரைவலு எஞ்சினும் வைத்திருக்கிறான். கைத்தூண்டில்காரன், அவனுடைய ஐயாவும் கைத்தூண்டில்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு இறங்கமாட்டான் என்பதால் சனி. அதோடு நாளை அமாவாசை, தண்ணீர் நன்றாக ஓடும். எங்கள் பக்கம் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் வித்தியாசம் ஒரு முழம், மிஞ்சினால் அதைவிடச் சற்றுக் கூட, ஆனால் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் உள்ள கடல்வழி ஒடுக்கம், அந்த ஒரு முழத் தண்ணீரும் அதற்குள்ளால்தான் போய் வரவேண்டும். வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, சோளகக்காற்று இன்னும் தொடங்கவில்லை. இதைவிட நல்ல நாள் இந்த வருடத்தில் கிடைப்பது கஷ்டம்.

தடி எட்டாம் எண் (எறிகிற லைனின் பாரத்தைக் குறிக்கும் எண்), 9 அடி, நாலு துண்டாகக் கழற்றலாம். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், ஒன்ராறியோ ஏரிக்கு வந்து விழும் ஆறுகளில் சாமன் மீன் பிடிக்கப் பாவித்தது. போன வருடம் வந்தபோது றீல், லைன் எல்லாவற்றோடும் தந்துவிட்டுப் போனார்.

மார்ச் 29, சனி, பிற்பகல் 2.15

பிடித்தோம்! பாரை, இரண்டு கிலோ வரும். இருபது மீற்றர் எறிந்து பிடித்தது. பெருவிரல் வீங்கியிருக்கிறது, ஒரு கையால் எழுதுகிறேன், மிச்சம் இரவு.

மார்ச் 29, இரவு 9.05

சரி, விரல் இப்போது பரவாயில்லை.

நாலரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டச்சைக்கிளில் வெளிக்கிட்டேன். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் இருட்டுக்குள் இறால் பிடிக்கிறவர்களின் விளக்குகள். ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சேர விடியத் தொடங்கிவிட்டது. நண்பன் படகைத் தள்ளி இறக்கி, எரிபொருள் ஊற்றி, எனக்காகக் காத்திருந்தான். அவனுடைய அம்மா ஒரு பிளாஸ்கில் பிளேன்ரீயும் கடதாசியில் சுற்றிய பனங்கட்டியும் தந்தா. அந்தப் பிளாஸ்க்கைப் பற்றிப் பிறகு ஒரு கதை இருக்கிறது.

முதல் பிரச்சினை படகுதான். மீன்பிடிப் படகு என்றால் அதற்குள் ஆயிரம் சாமான்: நங்கூரக் கயிறு, மண்ணெண்ணெய்க் கான், தண்ணீர் அள்ளும் வெட்டிய போத்தல், மரப்பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி. ஃப்ளை லைனைக் கையால் இழுத்து இழுத்து காலடியில் போட்டு, திரும்ப எறியும்போது அது ஒரே மூச்சில் கிளம்பவேண்டும், எங்கே ஒரு சின்ன நீட்டல் இருந்தாலும் தேடிப்போய் அதில் மாட்டும். முதல் அரை மணி நேரம் நான் மீன் பிடிக்கவில்லை, சிக்கு எடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பி, ஒரு சாக்கைக் கடலில் நனைத்து, படகின் முன்பக்கத்து அணியத்தில் என் காலடியில் விரித்துவிட்டான். அதற்குப் பிறகு லைன் சாக்கின் மேல் சுருண்டு கிடந்தது, சிக்கு பாதிக்கு மேல் குறைந்தது. படகில் போட நினைக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் ஈரச் சாக்கை மறக்கவேண்டாம்.

கடற்கோட்டைக்குத் தள்ளி, எஞ்சினை நிற்பாட்டி, மரக்கோலை எடுத்தான். கடற்கோட்டை என்பது அந்த வழியின் நடுவில் தண்ணீருக்குள் நிற்கும் பழைய கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658-ல் ஒல்லாந்தர் பிடித்தது. இலங்கையை அவர்கள் ஒரு பன்றித்தொடையாகப் பார்த்தார்களாம், இது அதன் குதிக்கால் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அது சரித்திரப் புத்தகப் படம், அவனுக்கு அது ஒரு பெரிய கல். "கல்லுக்குப் பின்னால தண்ணி களைச்சுப்போய் நிக்கும், ஓடுற தண்ணிக்கும் நிக்கிற தண்ணிக்கும் நடுவில ஒரு கோடு இருக்கும், பார்" என்றான். முதலில் எனக்கு ஒரு கோடும் தெரியவில்லை. பிறகு சூரியன் ஒரு பாகம் ஏறினதும் தெரிந்தது: ஒரு பக்கம் மினுமினுவென்று சுருக்கம், மறு பக்கம் எண்ணெய் தடவின மாதிரி, நடுவில் சாதாளைத் துண்டுகள் வரிசையாக மிதந்து போயின. அந்த வரிசைக்குக் கீழேதான் சூடை என்ற சின்ன மீனின் கூட்டம்.

எனக்குத் திசை சொல்ல அவனுக்கு ஒரு முறை இருக்கிறது. வெளிநாட்டில் மணிக்கூட்டு முகத்தை வைத்துப் 'பதினொரு மணிப் பக்கம்' என்பார்கள். இவன் "வெளிச்சவீட்டுப் பக்கம், ஆறு பாகம், வெள்ளையில போடு" என்றான். வெளிச்சவீடு என்றால் காரைநகர் கோவளத்தில் நிற்பது, பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், வெள்ளை என்றால் மணல், கறுப்பு என்றால் சாதாளை. "மீன் கறுப்பில ஒளிச்சிருக்கும், வெள்ளையில சாப்பிடும்." இவ்வளவையும் ஒரு வசனத்துக்குள் சொல்லிவிடுவான், அதற்குள் மரக்கோலை ஒரு தரம் ஊன்றிப் படகையும் எனக்கு வாகாகத் திருப்பிவிடுவான்.

மீன் வந்து அடித்த முதல் அடி ஏழரைக்கு. இழுவையே இல்லை, சட்டென்று ஒரு பாரம், அடுத்த கணம் லைன் வெறுமையாக வந்தது. நுனித் தங்கூசி (நைலோன் நூல்) கத்தரியால் வெட்டினது போல. சீலா, கூர்ப்பல் மீன். நுனியில் கம்பி போடாமல் விட்டது என் பிழை.

கம்பி கட்டிப் போட்டேன். எட்டு மணிக்குப் பிறகு வற்று தொடங்கி, தண்ணீர் வெளியே இழுத்தது. இரண்டாவது அடி நல்ல மீன், ஃப்ளைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பியதைக் கண்ணால் கண்டேன், கண்டவுடன் தடியை மேலே தூக்கினேன், போய்விட்டது. மூன்றாவதும் அப்படியே. நண்பன் பின்னாலிருந்து, "மச்சான், ஏன் தடியைத் தூக்குறாய்? மீன் தடியிலயே நிக்குது? நூலில எல்லே நிக்குது. கையால இழு" என்றான்.

நாலாவது முறை தடியை நுனி தண்ணீரைத் தொடுகிற மாதிரிப் பிடித்து, அடி விழுந்ததும் இடக்கையால் லைனை நேரே பின்னுக்கு இழுத்தேன். கொளுவியது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை, மீன் மூன்று தரம் தண்ணீருக்கு மேலே வந்தது, லைன் விரலுக்கிடையில் ஓடி ஆட்காட்டி விரலைக் கீறிவிட்டது, நண்பன் மரக்கோலை ஊன்றிப் படகை நிறுத்திக்கொண்டு "விடு, விடு, விடு" என்று கத்தினான், நான் விட்டேன். கிட்ட வந்தபோது வெள்ளித் தகடு மாதிரி, முதுகு பச்சை, பக்கத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி.

மார்ச் 30, ஞாயிறு, காலை 11.30

திருத்தம். பூசை முடிந்து நண்பன் தொலைபேசியில் எடுத்து, நேற்று நான் எழுதியதை வாசித்துவிட்டுச் சொன்னான்: அது பாரை இல்லை, கட்டா. அவன் சொன்னது சரி, நான் அவசரத்தில் எழுதிவிட்டேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நீங்கள் தோல்பாரை என்று சொல்வது.

இரண்டு கிலோ என்பதும் ஊகம். நிறுக்கவில்லை. தடியோடு வைத்துப் பார்த்தபோது மூன்று சாணுக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான் நிச்சயம். கட்டா நீளத்துக்கு ஏற்ற பாரம் வராத மெலிந்த மீன், எனவே இரண்டு கிலோவுக்குக் குறைவாகத்தான் இருக்கும்.

'இருபது மீற்றர் எறிந்து' என்பதும் பிழை. நேற்று இரவு முற்றத்தில் லைனை நீட்டிக் கையால் அளந்தேன். ஏழு பாகம், அதாவது பன்னிரண்டு பதின்மூன்று மீற்றர். இதைத் திருத்துவது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் தொடங்குகிறவர்கள் தூரத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நான் ஒரு வருடமாகத் தூரத்துக்காகவே பழகி முதுகு நோவெடுத்தேன். படகில், தண்ணீர் தெரிந்த ஒருவன் மரக்கோல் பிடித்தால், ஏழு பாகம் போதும். எறிய முடியாத தூரத்தை அவன் மரக்கோலால் குறைத்துவிடுகிறான்.

மார்ச் 30, இரவு 8.20

விரலைப் பற்றிப் பலர் கேட்டதால்.

கட்டாவின் முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலும் சின்ன முள் வரிசை இருக்கிறது, அதில் விஷம் இருக்கிறது. ஒரா, ஓட்டி மீன் குத்தினால் எப்படி என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், கட்டாவும் அந்த வகைதான் என்று எனக்குத் தெரியாது. கொக்கியைக் கழற்றும்போது மீன் ஒரு தரம் துடித்தது, வயிற்றுப் பக்கத்து முள் பெருவிரலின் சதையில் இறங்கியது. இரத்தம் ஒரு துளிதான். ஒரு நிமிடத்துக்குள் மணிக்கட்டு வரை விண்விண் என்று ஏறியது.

நண்பன் பதறவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து மூடிக்குள் பிளேன்ரீயை ஊற்றி, தன் விரலை முதலில் விட்டுப் பார்த்து, கொஞ்சம் கடல் தண்ணீர் கலந்து, திரும்ப விட்டுப் பார்த்து, பிறகு என் பெருவிரலைப் பிடித்து அதற்குள் வைத்தான். தாங்கக்கூடிய உச்சச் சூடு. ஆறினதும் திரும்ப ஊற்றினான். இருபது நிமிடம் அப்படியே இருந்தோம், படகு நீரோட்டத்தில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது, நோ படிப்படியாக இறங்கியது. மீன் விஷம் சூட்டில் குலைந்துபோகும், அதனால்தான் வைத்தியர்களும் வெந்நீர் சொல்கிறார்கள். ஆனால் மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது, அவித்துவிடக்கூடாது, ஆகவே நல்ல விரலால் சூடு பார்க்கவேண்டும். அவன் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அவனுடைய ஐயா அவனுக்குச் செய்தது.

படகுக்குப் பிளாஸ்க் இல்லாமல் போகவேண்டாம். மீனைப் பிடிக்கும்போது ஈரத் துணியால், தலைப்பக்கம்.

மார்ச் 31, திங்கள், இரவு 10.10

நேற்று முன்தினம் எழுதியதில் ஒன்றைத் தவறவிட்டேன், பாதிச் சிக்குக்குக் காரணம் படகு என்று சொன்னேன், மிச்சப் பாதிக்கு என் கைப்பழக்கம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். இன்று பெரியம்மாவின் மகனோடு கதைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பழைய லைனையா வெயிலுக்குள் போட்டாய்?"

விஷயம் இதுதான். குளிர்நாட்டுக்குச் செய்கிற லைனின் மேற்பூச்சு மென்மையானது, குளிர் தண்ணீரிலும் வளையவேண்டும் என்பதற்காக. அதைக் கொண்டுவந்து எங்கள் வெயிலுக்குள் வைத்தால் இளகிப் பிசுபிசுத்து, அவித்த நூடில்ஸ் மாதிரித் தொய்ந்துபோகும். தடியின் வளையங்களில் ஒட்டும், வழுக்கி ஓடாது. ஒன்பது மணிக்குப் பிறகு என் எறிதல் குறுகிக்கொண்டே போனதை நான் களைப்பு என்று நினைத்தேன். களைப்பில்லை, லைன் இளகியது. வெப்ப நாட்டுக் கடலுக்கென்று உள்ளே விறைப்பான நூல் வைத்த லைன் தனியாக விற்கிறார்கள். அதுதான் வேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்றுதான்: விடியப் போடுவது, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் முழு லைனையும் தண்ணீரில் விட்டு எடுப்பது, நிழலில் வைப்பது.

லைன் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒருவர் கேட்டிருந்தார். மற்றத் தூண்டில்களில் ஈயமோ இரையோ பாரமாக இருந்து நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் ஃப்ளையின் பாரம் நூலை இழுக்கப் போதாது, லைன்தான் பாரம். எட்டாம் எண் லைனில் முதல் 30 அடி 210 கிரெயின், கிட்டத்தட்ட 13.6 கிராம். அந்தப் பாரத்தைத்தான் தடி எறிகிறது, ஃப்ளை பின்னால் போகிறது. லைன் பழுது என்றால் எல்லாம் பழுது.

ஏப்ரல் 1, செவ்வாய், இரவு 9.30

ஃப்ளை எப்படிக் கட்டினது என்று கேட்டவருக்கு.

பெயர்தான் ஈ. கடலில் நாங்கள் கட்டுவது மீன்குஞ்சு. நான் கட்டியது க்ளவுசர் மின்னோ என்ற வகை, பாப் க்ளவுசர் என்பவர் 1987-ல் பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா ஆற்றில் பாஸ் மீனுக்காகக் கட்டத் தொடங்கியது. பாரமான இரண்டு கண்ணைக் கொக்கியின் மேற்பக்கம் கட்டினால், ஃப்ளை கவிழ்ந்து கொக்கி நுனி மேலே பார்க்கும், இழுத்து நிற்பாட்டும்போது தலை கீழே குத்தி இறங்கும், இழுத்தால் எழும்பும். சாதாளைக்கு மேலே போடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், கொக்கி சாதாளையை அள்ளாது.

அங்கே மான் வால் மயிர் பாவிப்பார்கள். நான் வெள்ளாட்டு வால் மயிர் எடுத்தேன், இறைச்சிக்கடையில் கேட்டு வாங்கிச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்தது. கண்ணுக்குக் கழுத்துச் சங்கிலி ஒன்றின் குமிழ் இரண்டு. மினுக்கத்துக்கு நத்தார் மரத்து ஜிகினாவை நீளவாக்கில் கிழித்த நாலு இழை. முதலில் சேலைச் சரிகை போட்டுப் பார்த்தேன், ஒரு தரம் உப்புத் தண்ணீர் பட்டதும் கறுத்துவிட்டது. மேலே ஒலிவ் பச்சை மயிர், கீழே வெள்ளை. மொத்த நீளம் என் ஆட்காட்டி விரலளவு. மயிரைக் கூட வைக்காதீர்கள். நான் முதலில் கட்டியவை தும்புத்தடி மாதிரி மொத்தமாக இருந்தன, அவற்றை எந்த மீனும் தொடவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் மயிருக்குள்ளால் மறுபக்கம் தெரியவேண்டும், சூடைக்குஞ்சு அப்படித்தானே.

கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் அமத்திவிடுகிறேன். மீனுக்கும் நல்லது, காற்றில் திரும்பி வந்து நண்பனின் காதில் ஏறினாலும் கழற்றலாம்.

ஏப்ரல் 3, வியாழன், இரவு 11.00

பிடித்த மீனை என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று அமாவாசை, அம்மா தன் தகப்பனுக்காக விரதம் பிடிக்கிறவ, வீட்டுக்குள் மீன் வராது. ஆகவே முதல் கட்டாவை விடுவது என்று முன்னமே தீர்மானித்திருந்தேன். ஆனால் கொக்கி கழற்ற நேரம் எடுத்தது, முள் குத்தியது, குத்தின கையோடு ஒரு படம் எடுத்தேன், அது பிழை. தண்ணீருக்குள் வைத்துத் தலையை நீரோட்டத்துக்கு நேரே பிடித்தபோது வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது, வால் அசையவில்லை. கனநேரம் பிடித்திருந்தேன். பிறகு ஒரு தரம் வாலை அடித்துச் சாய்ந்த மாதிரியே கறுப்புக்குள் போனது. அது தப்பியிருக்குமா என்று எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

நண்பன் கேட்டது: "விடுறதெண்டா ஏன் பிடிச்சனி? அதுக்கும் நோகும்தானே." கோபமில்லாமல்தான் கேட்டான். கடலுக்குப் போகப் பாஸ் எடுக்கவேண்டியிருந்த காலத்தில், குறித்த நேரத்துக்குள் போய்த் திரும்பி, கிடைத்த நாலு மீனில் வீட்டை நடத்தியவர் அவனுடைய ஐயா. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, உயிரோடு கையில் வந்த மீனைத் திரும்ப விடுவது வடிவான காரியமாகத் தெரியாது. எனக்கு அவன் சொன்னது உறைத்தது.

இரண்டாவது கட்டா அவனே இழுத்தது, அதைப் பற்றிப் பிறகு. அதை விடட்டுமா என்று கேட்டேன். "அமாவாசை உனக்கு, எனக்கென்ன?" என்று சிரித்துக்கொண்டு பெட்டிக்குள் போட்டான். மத்தியானம் அவன் வீட்டில் சொதியும் குழம்பும். நான் அன்று மீன் சாப்பிடவில்லை, சோற்றோடு கத்தரிக்காய் வைத்துத் தந்தார்கள்.

இப்போது நான் வைத்திருக்கும் முறை: இறங்க முன்னமே இன்றைக்கு எத்தனை மீன் வீட்டுக்கு என்று சொல்லிக்கொள்வது, அது வந்ததும் தடியைக் கழற்றுவது. விடவேண்டி வந்தால் மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமலே குறட்டால் கொக்கியைத் திருப்பிவிடுவது, படம் இல்லை. நண்பனுக்கு இதைச் சொன்னேன், "அது சரி" என்றான், கதை வேறு பக்கம் போய்விட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு, மாலை 6.45

முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். "கைத்தூண்டில் போதாதா?"

அன்று ஒன்பதரைக்கு என் விரல் விண்விண் என்றதால் நான் எறிய, நண்பன் இழுப்பது என்று வைத்துக்கொண்டோம். ஏழு பாகம் எறிந்து தடியை அவனிடம் கொடுத்தேன். அவன் தடியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தான், பிடிக்கவில்லை, அக்குளுக்குள் செருகிவிட்டு இரண்டு கையாலும் லைனை மாறி மாறி இழுக்கத் தொடங்கினான். நான் "அப்படியில்லை" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் வேகமாக ஓடும் கடல் மீனுக்கு, அனுபவப்பட்ட ஃப்ளைக்காரர்கள் செய்வதும் அதுவேதான், தடியை அக்குளுக்குள் வைத்து இரு கையால் இழுப்பது. அவர்கள் அதை ஒரு நுட்பமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இவனுக்கு அது சின்ன வயசிலிருந்து கையில் இருந்தது.

பக்கத்தில் இருந்து அவன் கையைப் பார்த்தேன். வலது ஆட்காட்டி விரலின் முதல் மடிப்பில் ஒரு பழைய தடம், தங்கூசி வெட்டி வெட்டிக் காய்த்துப்போய் பள்ளமாகவே நிற்கிறது. அதற்கு மேல் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு கறுப்பு வளையம். லைன் அந்த வளையத்தின் மேலால் வருகிறது, பெருவிரல் அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. இழுப்பு ஒரே சீராக இல்லை: இரண்டு சின்னது, ஒரு பெரியது, ஒரு நிற்பாட்டல். நிற்பாட்டின இடத்தில்தான் அடி விழுந்தது. அவன் உடம்பு அசையவில்லை, முழங்கை மட்டும் ஒரு சாண் பின்னுக்குப் போனது. கொளுவிவிட்டது. நான் நாலு அடியில் மூன்றைத் தவறவிட்டவன், இவன் முதல் அடியிலேயே.

ஆகவே என் பதில்: கைத்தூண்டில் போதும்தான். ஆனால் ஃப்ளை தூண்டிலை அந்நியம் என்று தள்ளத் தேவையில்லை, அது தடியால் எறிகிற கைத்தூண்டில். றீலும் தடியும் எறிகிற வேலைக்கு. மீன் தொட்ட நேரத்திலிருந்து எல்லாம் விரலில்தான் நடக்கிறது. ஆற்று மீன்காரன் கடலுக்கு வந்து முதலில் மறக்கவேண்டியது தடி தூக்கும் பழக்கம், எங்கள் கைத்தூண்டில்காரருக்கு மறக்க ஒன்றும் இல்லை. எறியப் பழகினால் போதும், அது ஒரு மாதத்து வேலை, பள்ளிக்கூட மைதானத்தில் பழகலாம். தண்ணீர் வாசிக்கப் பழகுவதற்குத்தான் ஒரு ஆயுள் வேண்டும், அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நான் புத்தகத்தையும் வீடியோவையும் பார்த்து ஒரு வருடம் பழகியதில் பாதி, அவன் விரலில் இருந்தது.

அந்த ரியூப் வளையத்தை அன்று கழற்றி என் விரலில் போட்டுவிட்டான். இப்போதும் என் தூண்டில் பெட்டிக்குள் இருக்கிறது.

ஏப்ரல் 6, இரவு 7.30

ஒன்றைச் சேர்க்கவேண்டும். 'எறியப் பழகினால் போதும், ஒரு மாதம்' என்று எழுதியது காற்றில்லாத நாளுக்கு. பத்தரைக்குக் கொண்டல் காற்று எழும்பியது, என் வலக்கைப் பக்கத்தால் அடித்து லைனைத் தலைக்கு மேலே கொண்டுவந்தது. வலக்கைக்காரனுக்கு வலப்பக்கக் காற்று ஆபத்து, கொக்கி முகத்துக்கு வரும். நான் மறுபக்கம் திரும்பி நின்று பின்னுக்கு எறிகிற வீச்சில் போட்டேன், தூரம் நாலு பாகமாகக் குறைந்தது. கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். பதினொன்றுக்குத் திரும்பிவிட்டோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு, காலை 10.00

றீல் இறுகிவிட்டது. காரணம் என் கவனக்குறைவு மட்டும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் றீலையும் தடி வளையங்களையும் கழுவவேண்டும், எந்தப் புத்தகத்திலும் முதல் வரி அதுதான். நண்பன் வீட்டில் இறங்கியதும் அவனுடைய அம்மா வாளியைக் காட்டி "கழுவு ராசா" என்றா. அந்தத் தண்ணீர் பவுசரில் (தண்ணீர் லொறியில்) வந்தது. தீவுப் பகுதியில் கன கிணறு உவர், குடிக்கிற தண்ணீர் காசு கொடுத்தோ காத்திருந்தோ எடுப்பது. அதில் றீல் கழுவ எனக்கு மனம் வரவில்லை, வீட்டில் போய்க் கழுவலாம் என்று துடைத்துப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் விரல் நோவில் படுத்துவிட்டேன், கழுவியது இரண்டு நாள் கழித்து. பிரேக் தட்டுக்குள் உப்பு ஏறிவிட்டது. நேற்றுக் கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து, பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, கிறீஸ் வைத்தேன், இப்போது சுற்றுகிறது, ஆனால் கரகரப்பு இருக்கிறது.

இனிமேல் ஐந்து லீற்றர்க் கானில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோவேன். தீவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படிச் செய்யுங்கள்.

மே 24, சனி, இரவு 9.15

சோளகம் பிடித்துவிட்டது, நாள் முழுக்கக் காற்று. ஃப்ளை போட வழியில்லை. புதிய லைனும் வந்து சேர்ந்துவிட்டது, முற்றத்தில் நீட்டிப் பார்த்தேன், வெயிலுக்குள் விறைப்பாகவே நிற்கிறது, ஆனால் கடலில் போட இன்னும் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

இதை எழுத வந்ததற்குக் காரணம் வேறு. அன்று படகில் மிஞ்சிய ஃப்ளை மூன்றை நண்பனிடம் விட்டுவிட்டு வந்தேன். அவற்றை அவன் கம்பி போட்டுத் தன் கைத்தூண்டிலில் கட்டி, விடிய நாலரைக்குப் போய் ஓடுகிற படகின் பின்னால் விட்டுப் பார்த்திருக்கிறான். இந்தக் கிழமை இரண்டு நாளில் ஐந்து சீலா. மூன்றில் இரண்டு ஃப்ளையின் மயிர் முழுக்கப் போய்விட்டது, சீலாப் பல்லுக்கு ஆட்டு மயிர் தாங்காது. நேற்று இரவு தொலைபேசியில் எடுத்து, இன்னும் பத்து வேண்டும், வெள்ளையைக் கூட்டிப் பச்சையைக் குறைத்துக் கட்டு, ஜிகினாவை வால் வரை விடு, ஐயாவும் நாலு கேட்கிறார் என்றான்.

இன்றிரவு நாலு கட்டினேன். மயிர் முடிந்துவிட்டது. இறைச்சிக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளை வால் வந்தால் எடுத்து வைப்பதாகச் சொன்னார்.